முன்னோரைத் தேடும் தளங்களில் தேடல் முட்டி நின்றால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், ஃபைண்ட்மைபாஸ்ட் என்று எந்தத் தளத்தில் தேடினாலும் முட்டி நிற்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. தேடல் பெட்டியில் நீங்கள் பெயரைத் தட்டும்போது தளம் பழைய ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஏட்டின் படத்தைப் பார்த்து ஒரு தன்னார்வலரோ, சம்பள ஆளோ, இப்போதெல்லாம் ஒரு மென்பொருளோ தட்டிவைத்த அட்டவணையைத்தான் பார்க்கிறது. ஏட்டை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அட்டவணை போட்டவர் கண்ணில் பட்டபடி படித்தார். நீங்களோ வீட்டில் சொல்லக் கேட்டபடி தேடுகிறீர்கள். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆள் கிடைப்பார். கீழே வரும் சிக்கல்களில் பலவும் இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ நேர்ந்த பிசகுதான்.

"தேடினால் ஒருவரும் வரவில்லை"

முதலில் உங்கள் படிவத்தைப் பாருங்கள். பெயர், நடுப்பெயர், பிறந்த தேதி, ஊர், பெற்றோர், வாழ்க்கைத்துணை என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தால் ஏதாவது ஒன்றிலாவது ஏடு ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெயர், நாடு அல்லது மாவட்டம், பிறந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு, இவ்வளவு மட்டும் கொடுங்கள். 'அப்படியே பொருந்த வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். தேடல் தோற்பதற்கு இந்த டிக் ஒன்றே போதும்.

அப்போதும் வரவில்லையா? எழுத்துக்கூட்டலுக்குப் போங்கள். சில தளங்களில் சவுண்டெக்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய முறை அது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைத் தரும். ராபர்ட், ரூபர்ட் இருவருக்கும் ஆர்-163. ஆனால் முதல் எழுத்தே மாறினால் அது கைவிட்டுவிடும். ஆங்கிலத்தில் 'சி' போட்டு எழுதிய கேத்தரின் சி-365, 'கே' போட்டு எழுதிய கேத்தரின் கே-365. கூப்பிட்டால் இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள், அட்டவணையில் இருவரும் வேறு வேறு. ஆகவே முதல் எழுத்தை மாற்றி மாற்றித் தனியாகத் தேட வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு 1985-ல் உருவான டேட்ச்–மோகோடாஃப் முறை இதைவிடப் பொருத்தமானது. யூத வம்சாவளிக்கான ஜூயிஷ்ஜென் தளத்தில் அது உண்டு.

காதால் வரும் பிழைக்கு ஒலி முறை உதவும், கண்ணால் வரும் பிழைக்கு உதவாது. லேன் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் பெரிய 'எல்'லும் பெரிய 'எஸ்'ஸும் ஒரே மாதிரி சுழித்துக்கொண்டு நிற்கும், ஆகவே அட்டவணையில் அவர் சேன் ஆகியிருக்கலாம். சிறிய 'என்' எழுத்தின் மேல் வளைவு சரியாக மூடாவிட்டால் அது 'யூ' ஆகிவிடும். அப்படியானால் லேன் குடும்பம் முழுவதும் எவரும் கேள்விப்படாத ஒரு பெயரில் உட்கார்ந்திருக்கும். 'டி'யும் (T) 'எஃப்'பும், 'ஐ'யும் 'ஜே'யும் இதே கதை. இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால் முன்னதை நீளமாக இழுத்து எழுதும் பழக்கம் இருந்ததால், ராஸ் என்ற பெயரில் ஒரு 'எஃப்' நுழைந்துவிடுவது சகஜம்.

இதற்கு மருந்து வைல்ட்கார்டு. ஒரே ஓர் எழுத்தில் சந்தேகம் என்றால் அந்த இடத்தில் ? போடுங்கள், எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் * போடுங்கள். ஸ்மித் என்பதில் 'ஐ' வரும் இடத்தில் ? வைத்தால் 'ஒய்' போட்டு எழுதிய ஸ்மித்தும் சேர்ந்து வருவார். ஆன்செஸ்ட்ரியில் குறைந்தது மூன்று உண்மையான எழுத்துகள் இருந்தாக வேண்டும், முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

அதுவும் உதவவில்லையென்றால் குடும்பப் பெயரையே விட்டுவிடுங்கள். பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள், ஆனால் எனக்குப் பிடித்த வழி இதுதான். கணவன் பெயர், மனைவி பெயர், ஊர், தோராயமான வயது போதும். இன்னொன்று: பிள்ளையின் பெயரைக் காலியாக விட்டுவிட்டு, தாய் தந்தை பெயரை மட்டும் கொடுங்கள். அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். நீங்கள் தேடிய ஆள் அவர்களில் ஒருவராக, விபரீதமான ஒரு பெயரில் இருக்கலாம்.

குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே இல்லாத சமூகங்களில் இன்னொரு முடிச்சு. டென்மார்க்கில் ஹான்ஸ் ஓல்சனின் மகன் பெதர், பெதர் ஹான்சன் ஆவார்; ஓல்சன் ஆக மாட்டார். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று அங்கே 1828-ல் ஆணை வந்தது, நார்வேயில் 1923-ல்தான் சட்டம் வந்தது. ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் துரத்தினால் அங்கே கிடைப்பது வேறொருவரின் தாத்தா. தமிழ்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பதிவுகளில் ஆளின் பெயர் ஒரு கட்டத்திலும் தகப்பன் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். அடுத்த தலைமுறைக்கு அதில் ஏதாவது ஒன்று குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே பெயரை முதற்பெயர் கட்டத்தில் ஒருமுறை, குடும்பப் பெயர் கட்டத்தில் ஒருமுறை என்று இரண்டிலும் போட்டுப் பாருங்கள். முத்து என்பதன் 'உ' ஒலிக்கு இரண்டு 'ஓ' போட்டு எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

"தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது"

தளம் முழுவதையும் ஒரே வீச்சில் தேடுவதால் வரும் தொல்லை இது. தளத்தின் தொகுப்புப் பட்டியலுக்குப் போய், குறிப்பிட்ட ஒரு நாட்டின், குறிப்பிட்ட ஒரு வகை ஏட்டை மட்டும் திறந்து அதற்குள் தேடுங்கள். வாழ்க்கைத்துணையின் முதற்பெயரைச் சேர்த்தால் கூட்டம் பெருமளவு வடிந்துவிடும்.

"ஊரின் பதிவேடு தளத்தில் இருக்கிறது, ஆனால் தேடினால் யாரும் கிடைக்கவில்லை"

ஏட்டைப் படமெடுத்துப் போட்டுவிட்டார்கள், அட்டவணை போடவில்லை. மார்மன் சபை என்று அறியப்படும் பிந்தைய நாள் புனிதர்களின் சபை நடத்தும் ஃபேமிலிசர்ச்சில் இது மிகச் சாதாரணம். 1938-ல் அவர்கள் ஏடுகளை மைக்ரோஃபிலிம் எடுக்கத் தொடங்கினார்கள். சேர்ந்த 24 லட்சம் சுருளையும் டிஜிட்டல் ஆக்கும் வேலை 2021-ல் முடிந்தது. படம் எடுப்பது வேறு, ஒவ்வொரு பெயரையும் படித்துத் தட்டுவது வேறு. இரண்டாவது வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் கையால் புரட்ட வேண்டியதுதான். கேட்டலாகில் ஊரின் பெயரைப் போட்டு, ஏட்டின் பக்கத்தில் கேமரா படம் இருந்தால் அழுத்துங்கள். முதலில் ஏட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பல குமாஸ்தாக்கள் அங்கே பெயர் அகராதி ஒன்றைக் கையாலேயே எழுதிவைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் நடுவில் ஒரு படத்தைத் திறந்து ஆண்டைப் பார்த்து, முன்பாதியா பின்பாதியா என்று முடிவு செய்து, மறுபடி அந்தப் பாதியின் நடுவுக்குப் போங்கள். எண்ணூறு படம் கொண்ட சுருளிலும் ஏழெட்டுத் தாவலில் வேண்டிய மாதத்துக்கு வந்துவிடலாம்.

இப்போது இதற்கு ஒரு குறுக்கு வழியும் வந்திருக்கிறது. கையெழுத்தை மென்பொருளே படித்து, முழு உரையிலும் தேடவிடும் வசதியை ஃபேமிலிசர்ச் 2024-ல் சோதனையாகத் திறந்தது. இதன் அருமை, தலைப்பில் இல்லாத பெயர்களையும் பிடிப்பதில் இருக்கிறது. வேறொருவரின் உயிலில் சாட்சியாக, நிலப் பத்திரத்தில் பக்கத்து வயல்காரராக உங்கள் ஆள் வந்திருப்பார். பழைய அட்டவணைகளில் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஏறவே ஏறாது. மென்பொருளும் தப்பாகப் படிக்கும், ஆகவே மேலே சொன்ன வைல்ட்கார்டு வித்தை இங்கேயும் வேண்டும்.

"படம் இருக்கிறது, திறக்க மறுக்கிறது"

கேமராவின் மேல் சாவி இருந்தால் ஆவணக் காப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம் வீட்டிலிருந்து பார்க்க விடவில்லை என்று அர்த்தம். ஃபேமிலிசர்ச் மையத்திலோ அதோடு இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்தால் பெரும்பாலும் திறக்கும். கட்டணத் தளமானால், பணம் கட்டும் முன் அருகிலுள்ள பொது நூலகத்தில் அந்தத் தளத்தின் நூலகப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

"குறிப்பிட்ட ஒரு காலத்துக்கு மட்டும் எதுவுமே இல்லை"

தேடிக்கொண்டே இருக்காதீர்கள், அந்த ஏடே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் நாசமானது. அயர்லாந்தில் 1922 உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு 1942-ல் எரிந்தது, 1941-ல் போர் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை.

இவற்றுக்கு மாற்று ஏடுகள் உண்டு. இங்கிலாந்துக்கு 1939-ல் எடுத்த தேசியப் பதிவேடு. அயர்லாந்துக்கு 1847-க்கும் 1864-க்கும் இடையே வெளிவந்த கிரிஃபித் மதிப்பீடு; நிலத்தையும் வீட்டையும் வைத்திருந்தவர்களின் பெயர் அதில் வரும். அங்கே முழுமையாகத் தப்பிய 1901, 1911 கணக்கெடுப்புகளை தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஏடு இருந்தும் காலம் கனியாமல் இருக்கலாம். அமெரிக்கா கணக்கெடுப்பை 72 ஆண்டு மூடிவைக்கும், அதனால் 1950-க்கு உரியது 2022 ஏப்ரலில்தான் வெளியானது. இங்கிலாந்தில் அது நூறு ஆண்டு; 1921-க்கு உரியது 2022 ஜனவரியில் வந்தது.

"அப்படி ஓர் ஊரே இல்லை என்கிறது"

ஊர் இருக்கிறது, பெயரோ எல்லையோ மாறியிருக்கிறது. இன்றைய லிவிவ் நகரம் ஆஸ்திரிய ஆட்சியில் லெம்பர்க், போலந்தின் கீழ் லுவூஃப், சோவியத் காலத்தில் லிவோவ். தளங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நடந்த காலத்து ஆட்சியின் கீழ்தான் ஏட்டை அடுக்கியிருக்கும். மேற்கு வர்ஜீனியாவில் 1850-ல் பிறந்தவரை வர்ஜீனியாவில் தேடுங்கள். அந்த மாநிலமே 1863-ல்தான் பிரிந்தது. ஜெர்மன் பேரரசின் சிற்றூர்களுக்கு மேயர்ஸ் ஊரகராதி இணையத்தில் கிடைக்கிறது. எந்த ஊர் எந்தத் திருச்சபைக்கு உட்பட்டது என்பதுவரை அதில் பார்க்கலாம்.

"தேதி இடிக்கிறது"

பெற்றோரின் திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளை பிறந்ததாக ஏடு சொன்னால் உடனே குடும்ப ரகசியம் கிடைத்துவிட்டதாகத் துள்ள வேண்டாம். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. 1731 ஏப்ரலில் கல்யாணம், 1731 பிப்ரவரியில் குழந்தை என்று இருந்தால் அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1732. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறப்பே 1731/32 பிப்ரவரி 11 என்றுதான் பதிவானது. இன்று அதை 1732 பிப்ரவரி 22 என்கிறோம். 1752-ல் புதிய காலண்டருக்கு மாறியபோது பதினொரு நாளைத் தாண்டியதால் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஏட்டில் சாய்கோட்டோடு இரண்டு ஆண்டு இருந்தால் இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம். பிரான்சில் 1793 முதல் 1805 முடியும் வரை புரட்சிக் காலண்டர் ஓடியது. ரஷ்யா 1918-ல்தான் புதிய காலண்டருக்கு மாறியது.

வயது இடித்தால் அது வேறு விஷயம். இங்கிலாந்தின் 1841 கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே இருக்கும் ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். இங்கிலாந்தின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைத் தேடும் ஃப்ரீபிஎம்டி தளத்தின் அட்டவணையில் நீங்கள் பார்ப்பது பிறந்த நாளே அல்ல, பதிவு செய்த காலாண்டு. பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம்.

"கப்பலில் அமெரிக்கா போனார், பயணியர் பட்டியலில் இல்லை"

நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சரிபார்த்த எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லாத குடும்பம் குறைவு, ஆனால் அது கட்டுக்கதை. பட்டியலை எழுதியவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அதுவும் புறப்படும் துறைமுகத்தில். தீவில் இருந்த அதிகாரி அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான். ஆகவே அமெரிக்காவில் வழங்கிய பெயரில் தேடாமல், சொந்த மொழியில் இருந்த பெயரில் தேடுங்கள். இத்தாலியப் பெண்கள் பலர் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பயணம் செய்தார்கள்.

எல்லிஸ் தீவு திறந்தது 1892-ல். அதற்கு முன் 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் காசில் கார்டன். இரண்டிலும் இல்லையென்றால் பாஸ்டன், பிலடெல்பியா, பால்டிமோர். அதுவும் இல்லையென்றால் கனடாவில் இறங்கி எல்லை தாண்டியிருக்கலாம். 1895 முதல் உள்ள எல்லைக் கடப்புப் பட்டியல்களைப் பாருங்கள். புறப்பட்ட முனையில் தேடுவதானால் ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை இருக்கின்றன. பிரெமன் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துபோனது.

எளிய வழி, பின்பக்கமாக வருவது. 1906-க்குப் பிறகு குடியுரிமை கேட்டவர்களின் மனுவில் கப்பலின் பெயரும் வந்து சேர்ந்த தேதியும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் பட்டியலில் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் அந்தக் கப்பலின் பக்கங்களைப் புரட்டிப் பிடித்துவிடலாம். பட்டியலில் வரி முழுவதும் அடித்திருந்தால் டிக்கெட் எடுத்தும் ஏறவில்லை என்று பொருள், அடுத்தடுத்த கப்பல்களைப் பாருங்கள்.

"என் குடும்ப மரத்தில் வேறு யாரோ நுழைந்துவிட்டார்"

எல்லாச் சிக்கலிலும் மோசமானது இது, ஏனென்றால் திரையில் பிழை எதுவும் தெரியாது. மரம் செழிப்பாக வளர்ந்துகொண்டே போகும். எட்டு வயதில் தாயானவர், இறந்த பிறகு பிள்ளை பெற்றவர், ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு நாட்டில் பிள்ளைகள் பிறந்த தம்பதி என்று அறிகுறிகள் மெல்லத் தலைகாட்டும்.

காரணம் பெரும்பாலும் தளம் தானாகக் காட்டும் குறிப்புகள்தான். ஆன்செஸ்ட்ரியின் இலைக் குறிப்பும் மைஹெரிடேஜின் பொருத்தமும் 'இவராக இருக்கலாம்' என்று சொல்லும் ஊகம், தீர்ப்பு அல்ல. அதிலும் அந்தக் குறிப்பு இன்னொருவரின் மரத்திலிருந்து வந்ததானால் அதன் மூலம் என்ன என்று பாருங்கள். அவர் வேறொரு மரத்தைக் காட்டுவார், அந்த மரம் மூன்றாவது மரத்தைக் காட்டும், கடைசியில் ஏடு எதுவும் இருக்காது. முப்பது மரம் ஒரே தேதியைச் சொல்கிறது என்பது முப்பது சாட்சி அல்ல, ஒரே ஆள் முப்பது முறை பேசுகிறார்.

பிரிப்பது எப்படி? மரத்தை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். அந்தப் பெயரில் கிடைத்த ஒவ்வொரு ஏட்டையும் ஆண்டு வரிசையில் எழுதி, பக்கத்தில் ஊர், வயது, தொழில், மனைவி பெயர் என்று குறியுங்கள். உதாரணத்துக்கு ஒரு வில்லியம்: 1851 கணக்கெடுப்பில் லீட்ஸ் நகரில் நெசவாளி, மனைவி மேரி. அதே 1851-ல் பிரிஸ்டலில் செருப்புத் தைப்பவர், மனைவி ஆன். கணக்கெடுத்தது 1851 மார்ச் 30 இரவு. ஒரே இரவில் ஒருவர் இரண்டு ஊரில் படுத்திருக்க முடியாது, ஆகவே இவர்கள் இருவர். இனி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஒவ்வொன்றையும் நெசவாளியின் பத்தியிலோ செருப்புக்காரரின் பத்தியிலோ போடுங்கள். எந்தப் பத்தியிலும் ஒட்டாதவற்றை மூன்றாவது பத்தியில் நிறுத்திவையுங்கள், வலிந்து சேர்க்க வேண்டாம். குழந்தையாகவே இறந்த ஒருவரின் மேல் பேரப்பிள்ளைகள் ஏறியிருப்பதும் நடக்கும். அதனால் அடக்கப் பதிவுகளை முதலில் பார்ப்பது என் பழக்கம்.

தாளில் பிரித்த பிறகு தளத்துக்கு வாருங்கள். ஆன்செஸ்ட்ரியில் மரம் உங்களுடையது. வேண்டாததை நீக்கி, குறிப்பை நிராகரித்தால் போதும். ஃபேமிலிசர்ச், ஜெனி, விக்கிட்ரீ ஆகியவற்றில் மரம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்துவார்கள். ஃபேமிலிசர்ச்சில் ஒவ்வொரு நபரின் பக்கத்திலும் மாற்றங்களின் பட்டியல் இருக்கும். தவறாக இணைத்ததை அங்கிருந்தே பிரிக்கலாம். ஆனால் இணைத்த பிறகு மேலும் மாற்றங்கள் ஏறிவிட்டால் வேலை கூடிவிடும், ஆகவே கண்டவுடன் செய்யுங்கள். காரணம் எழுதும் கட்டத்தில் 'தவறு' என்று மட்டும் எழுதாமல் எந்த ஏடு, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அதே ஆள் வந்து மறுபடி இணைப்பார், அவர் மேலும் குற்றமில்லை.

"பாட்டியின் பக்கம் மற்றவர்களுக்குத் தெரியவில்லை"

இறந்த விவரம் சேர்க்காதவரைத் தளம் உயிருடன் இருப்பவராகவே கருதி மறைத்துவிடும். இறந்த ஆண்டைத் தோராயமாகவாவது சேர்த்தால் தெரியத் தொடங்குவார்.

"மரத்தை வேறு தளத்துக்கு மாற்றினேன், எழுத்தெல்லாம் சிதைந்துவிட்டது"

தளங்களுக்கு இடையே மரத்தைக் கொண்டுபோகும் கோப்பு வகை ஜெட்காம். சிதைவு எந்த மாதிரி என்று முதலில் பாருங்கள். ஆங்கிலமல்லாத எழுத்துகள் இருந்த இடத்தில் விசித்திரமான குறிகள் வரிசையாக நின்றால் தகவல் பத்திரமாக இருக்கிறது. எழுத்துக் குறியீட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு திறந்திருக்கிறார்கள். இறக்குமதி செய்யும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். வெறும் கேள்விக்குறிகள் நின்றால், கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் ஏற்றுமதியின்போதே எழுத்து போய்விட்டது, அந்தக் கோப்பைச் சரிசெய்ய முடியாது. பழைய மென்பொருளுக்குத் திரும்பிப் போய் யூடிஎஃப்-8 ஆக மறுபடி எடுக்க வேண்டும். 2021-ல் வந்த ஜெட்காம் 7-ல் யூடிஎஃப்-8 கட்டாயம் என்பதால் இரண்டு பக்கமும் அதை ஏற்குமானால் அதையே பயன்படுத்துங்கள்.

படங்கள் வராததற்குக் காரணம் வேறு. பரவலாகப் புழங்கும் 5.5.1 வகைக் கோப்பில் படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே போகும், படம் போகாது. சந்தா முடிவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் இறக்கி, கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரையும் ஆண்டையும் ஏட்டின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.